தேரிக்காட்டில் மின்சிட்டுகள் இருக்கின்றனவா?

தூத்துக்குடியில் கண்விழித்த முதல் காலையில் லாட்ஜ் சன்னலைத் திறந்தேன். கடல் தெரியும் என்று சொல்லித்தான் அந்த அறையைத் தந்திருந்தார்கள். தெரியத்தான் செய்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் வரிசைக்கு அப்பால், கைக்குட்டை அளவுக்கு, சாம்பல் நிறத்தில். சன்னல் கம்பியைப் பிடித்த விரல்களில் நிலக்கரித் தூள் அப்பியிருந்தது.

நான் மாத்தளைக்காரி. எங்கள் ஊரில் எந்தச் சன்னலைத் திறந்தாலும் மலை வந்து நிற்கும். மருந்துக்கடை நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, ஊருக்குப் பின்னாலிருக்கும் காட்டில் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து பறவைகளை எண்ணுவோம். அந்தப் பழக்கம்தான் என்னை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது. நாசரேத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஜெபராணி அக்காவும் எங்களைப் போலவே ஒரு காட்டில் பல வருடங்களாகப் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இணையத்தில்தான் பழக்கம். இந்த வாரக் கடைசியில் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இருவரும் பேச வேண்டும். அவருடைய காட்டில் என்ன நடந்தது என்று அவர். எங்கள் காட்டில் என்ன நடந்தது என்று நான்.

நாசரேத்துக்குப் பஸ் ஏறும் முன் கடைத்தெருவில் கொஞ்ச நேரம் சுற்றினேன். மக்ரூன் வாங்கினேன். வாயில் போட்டதும் முந்திரி வாசனையை மட்டும் விட்டுவிட்டு மிச்சமெல்லாம் கரைந்துபோனது. பக்கத்தில் சங்கு வளையலும் முத்தும் விற்கும் கடை. முத்துக்குளித்த ஊரின் முத்து என்று ஒன்றைக் கையில் எடுத்தேன். கடைக்காரர் நேர்மையானவர்.

"அது ஐதராபாத்துலேர்ந்து வாரது, தங்கச்சி. இங்கன முத்துக்குளிக்கது நின்னு எவ்வளவோ வருசமாச்சு."

"அப்ப கடலில சிப்பி இல்லையா அண்ணாச்சி?"

"யாரு கண்டா? முங்கிப் பாத்தாத்தான தெரியும்? முங்கத்தான் ஆளு இல்ல."

பஸ் உப்பளங்களைத் தாண்டுவதற்குள் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கி நின்றோம். இருபக்கமும் உப்புப் பாத்திகள். வெயில் கீழிருந்தும் அடித்தது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் முதல் பத்து நிமிடம் யாரும் பேசமாட்டார்கள், பிறகு டிரைவரைத் திட்டுவார்கள். இங்கே இறங்கியவுடனேயே பேச்சு ஆரம்பமாகிவிட்டது. திருச்செந்தூருக்குப் போகும் ஒரு குடும்பம் தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றை வெளியே எடுத்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி அவித்த பனங்கிழங்கை நாரெடுத்து என் கையில் திணித்தாள்.

"நீ எந்த ஊருளா? பேச்சு வேற மாதிரி இருக்கே."

"இலங்கை அம்மா. மாத்தளை."

"அம்புட்டுத் தூரத்துலேர்ந்து இங்கன என்ன ஜோலி?"

பறவை எண்ண என்று சொன்னேன். அவள் கிழங்கை மெல்வதை நிறுத்திவிட்டு என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவளிடம், "பாவம், நல்ல பிள்ளையாத்தான் இருக்கா" என்றாள்.

ஜெபராணி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். திரையில் பார்த்ததைவிட உயரம். வெள்ளைப் பருத்திச் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். அவருடைய கணவர் தங்கராஜ் அண்ணன் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். காட்டுக்குக் காரோட்டுவது அவர் பொறுப்பு, காட்டுக்குள் வருவதில்லை. "எனக்கு இவ சொல்லுததே பாதி கேக்காது. குருவி சொல்லுததா கேக்கப்போகுது?" என்றார். இரவுச் சாப்பாடு மாப்பிள்ளைச் சம்பாச் சோறும் வாளைமீன் குழம்பும். நான் உறைப்புக்குப் பெயர்போன ஊர்க்காரி. ஆனாலும் இரண்டு முறை தண்ணீர் கேட்டேன்.

மறுநாள் விடியும்போது தேரிக்குப் போனோம். தேரியைப் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்தபோது, யாரோ செங்கல்லை மாவாக அரைத்துக் கொட்டி, அதன்மேல் பனைகளை நட்டுவிட்டுப் போனது போலிருந்தது. அந்தச் செம்மணலின் ஓரத்தில்தான் அக்காவின் காடு. உடைமரம், வேம்பு, கொல்லாமரம் என்கிற முந்திரி, நடுநடுவே பெரிய நாவல். எங்கள் காடு போல இருட்டும் ஈரமும் இல்லை. வெளிச்சம் ஊடுருவுகிற காடு. காலடியில் சருகு அப்பளம்போல் நொறுங்கியது.

அக்கா நடப்பதைப் பார்க்கவே நன்றாக இருந்தது. பைனாகுலரை அதிகம் எடுக்கமாட்டார். காதால்தான் எண்ணுவார். "செம்போத்து ஒண்ணு. கவுதாரி ரெண்டு, அந்தா அந்த வரப்புக்கு அங்கிட்டு." நான் ஒரு சத்தம் கேட்கிறதே என்று நினைப்பதற்குள் அவர் பெயரைச் சொல்லிவிடுவார். குளிர்காலத்துக்கு வரும் ஆறுமணிக் குருவி, எங்கள் மாத்தளைத் தோட்டங்களில் விசிலடிக்கும் அதே குருவி, புதருக்குள்ளிருந்து ஒருமுறை கூப்பிட்டது. "உங்க ஊருக்குப் போற வழியில இங்கனயே தங்கிட்டான்" என்று சிரித்தார். மயில்கள் அகவிக்கொண்டே இருந்தன. ஆரம்ப வருடங்களில் மயிலைப் பார்த்தால் வீட்டில் போய்ச் சொல்வாராம். இப்போது மயில் இல்லாத நாள் இல்லை.

"சின்னதுகதான் போயிட்டு, மாலினி. மின்சிட்டு, பூக்கொத்தி. முதல்ல கொறைஞ்சுது. இப்ப ரெண்டு வருசமா ஒண்ணுகூட இல்ல. அதைத்தான் சனிக்கிழமை சொல்லப்போறேன்."

சொல்லிவிட்டு ஒரு வேம்பின் அடியில் நடந்துபோனார். அதே வேம்பின் உச்சியிலிருந்து, ஊசியால் கண்ணாடியைக் கீறுவது போன்ற குரல் வந்தது. சுவீ, சுவீ. நான் நின்றுவிட்டேன். நான்கைந்து மின்சிட்டுகள் இலைகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாவிப்போயின. ஆணின் மார்பு ஆரஞ்சாக ஒருமுறை தெரிந்தது.

அக்கா திரும்பவில்லை. என்னைச் சோதிக்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பினார். அதற்குள் பறவைகள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டன.

"என்ன, கால்ல முள்ளா?"

"இல்லக்கா" என்றேன்.

அடுத்த மரத்திலிருந்தும் அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது. எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அவர் அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு, எங்கோ தூரத்தில் கூவிய செம்போத்தை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

நாவலில் ஒரு பூக்கொத்தி டிக் டிக் என்றது. அதற்கும் அவர் திரும்பவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வயது ஏறும்போது காது முதலில் இழப்பது உச்சமான, மெல்லிய சத்தங்களைத்தான். பேச்சு கேட்கும், பஸ் ஹார்ன் கேட்கும், போன் மணி கேட்கும். அதனால் இழந்தது யாருக்கும் தெரியாது, இழந்தவருக்கும் தெரியாது. எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பெரியவருக்கு இப்படி ஆனது. எங்களுக்குக் கேட்பது தனக்குக் கேட்கவில்லை என்று உணர்ந்து, எண்ணுகிற வேலையை எங்களிடம் விட்டுவிட்டார். இங்கே அக்கா தனியாகவே நடந்திருக்கிறார். பக்கத்தில் வேறொரு காது இல்லை.

அந்தப் பகல் முழுவதும் எனக்கு நிம்மதி இல்லை. அக்கா மேசையில் மடிக்கணினியை வைத்து, சனிக்கிழமைப் பேச்சுக்கான வரைபடங்களை எனக்குக் காட்டினார். சிறு பறவைகளின் கோடுகள் எல்லாம் ஒரே சாய்வில் இறங்கி, தரையைத் தொட்டிருந்தன. அந்தச் சாய்வு காட்டுடையதா, அவர் காதுடையதா? மின்சிட்டையும் பூக்கொத்தியையும் ஒரே காலையில் கேட்டவள் நான் ஒருத்தி. சொல்லாமல் இருந்துவிட்டால் இந்தக் கோடு கல்லூரிச் சுவரில் விழும், நாலு பேர் படம் எடுப்பார்கள், அது உண்மையாகிவிடும். சொன்னால் இவருடைய இத்தனை வருடக் காலைகளை என்ன செய்வது?

"ஏன் சரியாச் சாப்பிடல? மீன் பிடிக்கலயா?" என்று தங்கராஜ் அண்ணன் கேட்டார்.

அடுத்த நாள் என்னைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனார்கள். முருகனைப் பார்க்காமல் போனால் என் மாமியார் வீட்டுக்குள் விடமாட்டார் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவர்கள் இருவரும் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குள் வரவில்லை. "நீ போயி நல்லாச் சாமி கும்பிட்டுட்டு வா. நாங்க காத்து வாங்குதோம்" என்று கடற்கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. எங்கள் மாத்தளைக் கோயிலில் நின்று நிதானமாகக் கும்பிடலாம். இங்கே சந்நிதிக்கு முன் ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்தது. "எப்படிச் சொல்வது" என்று மட்டும் கேட்டேன்.

வெளியே வந்து சில்லுக்கருப்பட்டி வாங்கிக்கொண்டேன். அண்ணன் காரை எடுக்கப் போயிருந்தார். அக்காவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். கருப்பட்டியில் இருந்த சுக்கு தொண்டையில் எரிந்தது.

"அக்கா, நேற்று அந்த வேம்பில மின்சிட்டு இருந்துச்சு."

"எந்த வேம்புல?"

"நீங்க நின்ன வேம்புலதான். உங்க தலைக்கு மேல. சத்தமும் போட்டுச்சு. உங்களுக்குக் கேக்கல."

சிரித்தார். "எனக்கா கேக்கல?"

நான் கைத்தொலைபேசியில் மின்சிட்டின் ஒலிப்பதிவை எடுத்து, அவர் காதோரம் வைத்து அழுத்தினேன். கடல் இரைந்தது. குழந்தைகள் அலையில் கத்தினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. அக்கா காத்திருந்தார்.

"போடு" என்றார்.

"ஓடிக்கிட்டிருக்கு அக்கா."

என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கித் திரையைப் பார்த்தார். ஒலிக் கோடு அசைந்துகொண்டிருந்தது. மறுகாதில் வைத்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"நீங்க சாப்பிடுங்க, கருப்பட்டி உருகுது" என்றார்.

வந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றவர். அந்த "நீங்க"வைக் கேட்டதும் கருப்பட்டியை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அண்ணன் காரைக் கொண்டுவந்தார், ஏறிக்கொண்டோம். வழியில் பஞ்சர் கடை வாசலில் ஒருவன் இன்னொருவனை "ஏலே, வண்டிய ஓரமா நிப்பாட்டுலே" என்று அதட்டியது மட்டும் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார்.

"பிரஷர் குக்கர் விசில் கேக்கு, கோயில் மணி கேக்கு. யாருக்கு இப்படித் தோணும்?" என்றார். பிறகு, "நீ சொன்னது நல்லதுதான். அங்கன மேடையில வச்சு எவனும் சொல்லியிருந்தா அவ தாங்கமாட்டா" என்றார்.

சாயங்காலம் அக்கா வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"எத்தனை பாத்த?"

"நாலோ அஞ்சோ. ஒரு ஆண் நல்லாத் தெரிஞ்சுது."

"பூக்கொத்தி?"

"நாவல்ல ஒண்ணு."

அவர் கண் நிறைந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ நினைக்கது இல்லளா. ரெண்டு வருசமா நான் அந்த மரத்தடியில நின்னு, போயிட்டானுவளே போயிட்டானுவளேன்னு எத்தனை நாள் வருத்தப்பட்டிருக்கேன் தெரியுமா? இருக்கானுவல்லா! அங்கனயே இருக்கானுவ! ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

சொல்லிவிட்டு உண்மையாகவே அழுதார். தங்கராஜ் அண்ணன் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு வேலை தொடங்கியது. அக்காவுக்குள்ளிருந்த கணக்கு டீச்சர் எழுந்துகொண்டார். பறவைகளை இரண்டாகப் பிரித்தோம். அவர் காதுக்குத் தப்பாத கனத்த குரல்கள் ஒரு பக்கம். ஊசிக்குரல்கள் இன்னொரு பக்கம். ஊசிக்குரல்களின் கோடுகளைக் கடைசிச் சில வருடங்களுக்கு வெட்டிவிட்டார். "இதுல நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார். கனத்த குரல்களில் மயில் ஏறியிருந்தது. செம்போத்து அப்படியே இருந்தது. பொன்முதுகு மரங்கொத்தி மட்டும் படிப்படியாக இறங்கியிருந்தது. அதன் கத்தல் அரை மைலுக்குக் கேட்கும். காய்ந்து நின்ற மரங்களைச் செங்கல் சூளைக்கு வெட்டிப்போன பிறகு அதற்குப் பொந்து குடைய இடமில்லை.

"இவனுக்கு என் காது மேல பழி போட முடியாது" என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் வெகுநேரம் தயங்கினார். "கொறைஞ்சுபோச்சுன்னு சொன்னாத்தான் காட்டைக் காப்பாத்தணும்னு நாலு பேரு நினைப்பாவ. இருக்குன்னு சொன்னா, பொறவு என்ன, இருக்குல்லான்னு போயிருவாவ."

"எங்க ஊர்லயும் அப்படித்தான் அக்கா."

"ஆனாலும் இல்லாததச் சொல்லக்கூடாது" என்று மடிக்கணினியை மூடினார்.

கல்லூரி அரங்கில் நல்ல கூட்டம். முதலில் நான் பேசினேன். மாத்தளையைப் பற்றி நான் சொன்னதை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியாது. மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பதில்தான் எல்லாருக்கும் அக்கறை. அடுத்து அக்கா ஏறினார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இப்ப ஒரு சத்தம் வரும். கேக்கவங்க கையத் தூக்குங்க."

ஒலிபெருக்கியில் மின்சிட்டு கத்தியது. மாணவிகளின் கைகள் எல்லாம் சட்டென்று மேலே போயின. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், சத்தம் இன்னும் வரவில்லை என்று நினைத்துக் காத்திருந்தார். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தார். அத்தனை கைகளையும் பார்த்துவிட்டு மெதுவாக முன்னால் திரும்பினார். அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது.

"நானும் கை தூக்கல, பாத்தீங்களா?" என்றார் அக்கா. "மூணு நாளைக்கு முந்தி வர, இந்தக் குருவி எங்க காட்டுல இல்லேன்னு உங்ககிட்ட சொல்ல இருந்தேன். குருவி இருக்கு. என் காதுலதான் இல்ல."

அதற்குப் பிறகு அவர் மரங்கொத்தியைப் பற்றிச் சொன்னார். எல்லாரும் கேட்டார்கள். தன் தவறை முதலில் சொல்லிவிட்டவர் சொல்வதை யாருக்கும் சந்தேகிக்கத் தோன்றவில்லை போலும். முடிந்ததும் அந்தக் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் ஷீபா என்ற பெண் அக்காவிடம் வந்தாள்.

"டீச்சர், எனக்குப் பறவைப் பேரு ஒண்ணும் தெரியாது. ஆனா நல்லாக் கேக்கும். நான் வரட்டுமா?"

"காலையில எந்திரிப்பியா?"

"எந்திரிப்பேன் டீச்சர்."

"அப்ப நாளைக்கே வா."

நான் கிளம்ப வேண்டிய நாளும் அதுதான். மதியம் வரை நேரம் இருந்தது, எண்ணிக்கை எழுதும் நோட்டை வாங்கிக்கொண்டு நானும் போனேன். அண்ணன் வழக்கம்போல் காரில் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஷீபா செருப்போடு வந்திருந்தாள். செம்மணல் உள்ளே புகுந்து, பத்தடிக்கு ஒருமுறை நின்று உதறினாள். அக்கா சலித்துக்கொள்ளவில்லை. அவள் நிற்கும்போதெல்லாம் இவரும் நின்றார்.

காட்டின் நடுப்பகுதிக்கு வந்தபோது ஷீபா கையை உயர்த்தினாள்.

"மேல ஏதோ கத்துது டீச்சர். நேத்துக் கேட்டது மாதிரியே இருக்கு."

"எங்கன? கையக் காட்டு."

ஒரு உடைமரத்தின் நுனியைக் காட்டினாள். எனக்கும் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்து, நுனியிலிருந்து கீழாக ஒவ்வொரு கிளையாகத் தேடினார். ஒரு இடத்தில் கை நின்றது.

"இருக்கான். ஆரஞ்சு நெஞ்சு." அவர் குரல் தணிந்தது. "வாயத் திறக்கான்... மூடுதான்... திறக்கான். கத்துதானாளா மாலினி?"

"ஆமாக்கா, கத்துது."

"ஒரு சத்தமும் இல்ல எனக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுத மாதிரி இருக்கு." சிரித்தார். பைனாகுலரை இறக்காமலே, "எத்தனை பேரு?" என்று கேட்டார்.

ஷீபா கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நாலு டீச்சர். அதுல ரெண்டு அந்தப் பக்கத்து மரத்துல."

அக்கா பக்கத்து மரத்தையும் பார்த்தார். இலைகள்தான் இருந்தன. மறுபடியும் முதல் மரத்துக்கு வந்தார்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியுது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாலுன்னே போடு" என்றார்.